மார்கழி நாலரை மணி: மேற்கே தெரிகிற அந்த வெள்ளி எது?

கோலப்பொடி (உறையூர்), 21 டிசம்பர் 2025

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் எழுதுகிறேன்.

மார்கழி பிறந்த அன்று அலாரத்தைத் தப்பாக வைத்து நாலு மணிக்கே எழுந்துவிட்டேன். எழுந்தது எழுந்தாயிற்று, கோலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று மாடிக்குப் போனேன். துணிக்கொடிக்குக் கீழே நின்று தலையைத் தூக்கினால், இவ்வளவு நட்சத்திரமா! இந்த வீட்டுக்கு வாழ வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. மாடிக்குப் போனதெல்லாம் வடாம் போடவும் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவும்தான். அன்றிலிருந்து தினமும் அரை மணி நேரம் போகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பனியில் ஏன் நிற்கிறாய் என்பார்கள்.

கேள்வி இதுதான். விடிவெள்ளி கிழக்கே முளைக்கும் என்று என் பாட்டி சொல்வாள். ஆனால் நான் பார்க்கிற வெள்ளி மேற்கே, பாதி உயரத்தில், மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக, மினுக்காமல் நிற்கிறது. கிழக்கே அந்த அளவுக்கு எதுவும் இல்லை. வெள்ளி திசை மாறி வருமா? சிரிக்காமல் சொல்லுங்கள்.

கணக்குவாத்தியார் (பாளையங்கோட்டை), 21 டிசம்பர் 2025

இதில் சிரிக்க என்னம்மா இருக்கிறது. கிழக்கா மேற்கா என்று கவனித்ததே பெரிய விஷயம்.

நீங்கள் பார்ப்பது வியாழன். வலது கைப்பக்கம், கொஞ்சம் மேலே, அடுத்தடுத்து இரண்டு நட்சத்திரங்கள் ஜோடியாக நிற்கும். பஞ்சாங்கத்தில் புனர்பூசம் என்று போடுகிறார்களே, அதுதான். வியாழன் இப்போது மிதுன ராசியில் இருக்கிறது. ஜனவரி 10 அன்று சூரியனுக்கு நேர் எதிரே வரும். பொழுது சாய உதித்து, ராத்திரி முழுக்க இருந்து, விடியும்போது மேற்கே அடையும்.

வெள்ளி இப்போது சூரியனுக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது. ஜனவரி 6 அன்று சூரியனுக்கு நேர் பின்னால் இருக்கும். அதனால் இந்த மார்கழி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பிறகு அந்தி வெள்ளியாக மேற்கே வரும். காலையில் கிழக்கே பார்க்க வேண்டுமென்றால் அடுத்த நவம்பர் வரை பொறுக்க வேண்டும்.

வெள்ளிக்கு எட்டு வருடக் கணக்கு ஒன்று உண்டு. எட்டு வருடம் கழித்து, இரண்டு மூன்று நாள் முன்பின்னாக, அதே தேதியில் வானத்தில் அதே இடத்துக்கு வந்துவிடும். 2018 மார்கழியில் கோலம் போடும்போது கிழக்கே கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒன்று நின்றிருக்குமே, நினைவிருக்கிறதா? அதே காட்சி 2026 மார்கழியில் திரும்பி வரும்.

கோலப்பொடி, 21 டிசம்பர் 2025

ஐயா, நன்றி. 2018 நினைவில்லை. அந்த வருடம் பெண்ணுக்குப் பப்ளிக் பரீட்சை. நான் எங்கே வானத்தைப் பார்த்தேன்!

அப்படியானால் திருப்பாவையில் "வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று" என்று வருகிறதே? தினமும் சொல்கிற பாட்டு. இதுவரை அதை வானத்தோடு சேர்த்து யோசித்ததே இல்லை.

கணக்குவாத்தியார், 21 டிசம்பர் 2025

அது எல்லா மார்கழியிலும் நடக்காது. கிழக்கே வெள்ளி ஏறுகிற நேரத்தில் மேற்கே வியாழன் இறங்க வேண்டும். வெள்ளி சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் விலகாது. அதனால் அப்போது வியாழன் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். இந்த வரியை வைத்து ஆண்டாளின் காலத்தைக் கணிக்கப் பார்த்தவர்களும் உண்டு.

இந்த வருடம் பாதிதான் பலிக்கும். மார்கழி கடைசியில் பொழுது விடியும்போது வியாழன் உறங்கப் போகும், ஆனால் வெள்ளி எழாது. அடுத்த மார்கழியில் வெள்ளி ஜம்மென்று எழும், வியாழன் உச்சி வானத்தில் கொட்டக் கொட்ட விழித்திருக்கும்!

வேளச்சேரிவாசி (சென்னை), 22 டிசம்பர் 2025

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். உறையூரில் சரி. சென்னையில் இருப்பவன் என்ன செய்வது? தெருவில் கம்பத்துக்குக் கம்பம் எல்இடி விளக்கு மாட்டியதிலிருந்து ராத்திரியும் பகல் மாதிரிதான் இருக்கிறது. போன வாரம் எண்ணிப் பார்த்தேன், பதினோரு நட்சத்திரம். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை அசோசியேஷன் செக்ரட்டரி வைத்திருக்கிறார். நட்சத்திரம் பார்க்கச் சாவி வேண்டும் என்று கேட்டால் என்ன நினைப்பார்? வானம் பார்ப்பதெல்லாம் கொடைக்கானல் போகிறவர்களுக்கு. நமக்கு யூடியூப் போதும்.

மூணுமணிகேப் (சோழிங்கநல்லூர்), 22 டிசம்பர் 2025

வேளச்சேரி அண்ணா, என் கதையைக் கேளுங்கள். எனக்கு நைட் ஷிப்ட். விடியற்காலை மூன்று மூன்றரைக்கு கேப் வீட்டில் விடும். உடனே தூக்கம் வராது. இரண்டாவது மாடி பால்கனியில் ஒரு டம்ளர் பாலோடு உட்கார்ந்திருப்பேன். எதிரே இரண்டு பிளாக். நடுவில் தென்கிழக்கே கைக்குட்டை அகலத்துக்கு ஒரு துண்டு வானம். எனக்குச் சொந்தமான வானம் அவ்வளவுதான்.

டிசம்பர் ஆரம்பத்தில் அந்த இடுக்கில் வெள்ளையாக ஒரு நட்சத்திரம் வந்தது. இடது பக்கக் கட்டடத்தின் ஓரத்திலிருந்து வெளியே வந்த நேரம் 4:20. வேறு வேலையில்லாமல் குறித்து வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் 3:52-க்கே வந்துவிட்டது. என் போனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். இப்போது 3:25-க்கு, நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, வந்து நிற்கிறது. மேனேஜர்கூட இவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

அது என்ன நட்சத்திரம்? ஏன் இப்படி முந்துகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குவாத்தியார், 22 டிசம்பர் 2025

சபாஷ். முப்பத்தோரு வருடம் பாடம் நடத்தினேன், ஒரு பையன்கூட இப்படிக் குறித்துக்கொண்டு வந்ததில்லை.

அது சித்திரை நட்சத்திரம். பூமி தன்னைத்தானே ஒரு முறை முழுதாகச் சுற்ற 23 மணி 56 நிமிடம்தான் ஆகிறது. சூரியனைச் சுற்றி நகர்ந்துகொண்டும் இருப்பதால், சூரியன் திரும்ப அதே இடத்துக்கு வர இன்னும் நான்கு நிமிடம் தேவைப்படுகிறது. நம் கடிகாரம் சூரியனோடு போகிறது, நட்சத்திரம் அதன் கணக்கில் போகிறது. நாளுக்கு நான்கு நிமிடம், ஏழு நாளுக்கு 28 நிமிடம். உங்கள் 4:20 ஒரு வாரத்தில் 3:52 ஆனது அதனால்தான். நிமிடம் பிசகவில்லை பாருங்கள். இரண்டு பிளாக்குக்கும் அந்த பால்கனிக்கும் நடுவில் நீங்கள் ஒரு வானாய்வுக்கூடமே வைத்திருக்கிறீர்கள்.

இந்த நான்கு நிமிடத்தால்தான் விடிகாலையில் எழுவதற்கு ஒரு லாபம் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் நான்கு மாதத்துக்கு எட்டு மணி நேரம். இப்போது காலை நாலு மணிக்குத் தெரிகிற வானம்தான் ஏப்ரல் கடைசியில் ராத்திரி எட்டு மணிக்குத் தெரியும். சித்திரை மாதத்துப் பௌர்ணமி நிலா பக்கத்தில் போய் நிற்குமே, அந்த நட்சத்திரத்தை நீங்கள் மார்கழியிலேயே பார்த்துவிட்டீர்கள்.

ஜவ்வாதுமலையான், 22 டிசம்பர் 2025

எங்கள் ஊர் வானத்தைப் பற்றிச் சொன்னால் சென்னைக்காரர்களுக்கு வயிறு எரியும். காவலூர் வானாய்வகம் எங்கள் மலையில்தான் இருக்கிறது. 2.3 மீட்டர் தொலைநோக்கி, 1986-லிருந்து. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று 1977 மார்ச்சில் தெரிய வந்ததே, அந்த ராத்திரி இங்கேயும் ஆட்கள் விழித்திருந்து அளந்தார்கள். நம் நேரத்துக்கு அதுவும் பின்னிரவுதான்.

நான் சொல்ல வந்தது டிசம்பர் 14 விடியற்காலை. வருடாவருடம் டிசம்பரில் வருகிற ஜெமினிட் எரிமீன் பொழிவு. வீட்டுக் களத்தில் நெல் காயவைக்கிற தார்ப்பாயை விரித்து, இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு படுத்தேன். இரண்டு மணிக்கு மேல் தேய்பிறை வந்து கொஞ்சம் கெடுத்தது. அப்படியும் மூன்றிலிருந்து ஐந்துக்குள் நாற்பத்தொன்று எண்ணினேன். ஒன்று பச்சையாக, பாதி வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது. பக்கத்தில் படுத்திருந்த நாய் மட்டும் எதையும் பார்க்கவில்லை.

விடிகாலையில் எரிமீன் ஏன் அதிகம் என்று என் தம்பி மகன் கேட்டான். மழையில் பஸ் போகும்போது முன் கண்ணாடியில் தண்ணீர் எப்படி அடிக்கிறது, பின் கண்ணாடியில் எப்படி என்று கேட்டேன். பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நடுநிசிக்கு மேல் நாம் முன் கண்ணாடிப் பக்கம் வந்துவிடுகிறோம். அவனுக்குப் புரிந்தது. எனக்கும் சொல்லும்போதுதான் சரியாகப் புரிந்தது.

வேளச்சேரிவாசி, 22 டிசம்பர் 2025

வயிறு எரிகிறது.

மதுரைபைனாக்ஸ், 23 டிசம்பர் 2025

டெலஸ்கோப் வாங்கலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வாங்காதீர்கள். ஆன்லைனில் "525 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று போட்டிருந்த ஒன்றை வாங்கி ஏமாந்தவன் நான். எதையும் 525 மடங்கு காட்டவில்லை. ஸ்டாண்டின் ஆட்டத்தை மட்டும் காட்டியது. மூச்சு விட்டால் வியாழன் ஓடிவிடும். இப்போது அதில் பையனின் மழைக்கோட்டு தொங்குகிறது.

பிறகு 10x50 (பத்து மடங்கு காட்டும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர்) பைனாகுலர் வாங்கினேன். அதுதான் நிலைத்தது. தண்ணீர்த் தொட்டியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வியாழனைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஊசி முனை மாதிரி புள்ளிகள், ஒரே கோட்டில் நிற்கும். அதன் நிலாக்கள். 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ முதலில் பார்த்தது இதைத்தான். மறுநாள் பார்த்தால் புள்ளிகள் இடம் மாறியிருக்கும். அப்படியே வியாழனுக்கு மேலே, கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில், பூச நட்சத்திரம். வெறுங்கண்ணுக்குப் புகை மாதிரி இருப்பது பைனாகுலரில் கைப்பிடி கேழ்வரகைச் சிந்தினது மாதிரி தெரியும்.

அதையும் அவசரமாக வாங்க வேண்டாம். முதலில் ஒரு மாதம் வெறுங்கண்ணால் பாருங்கள். ஆகஸ்ட் 12 காலையில் வெள்ளியும் வியாழனும் ஒரு டிகிரிக்கும் குறைவான இடைவெளியில் ஒட்டி நின்றனவே, அதைப் பார்க்க என்ன கருவி தேவைப்பட்டது? எங்கள் தெருவில் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்ன சார், ரெண்டு இருக்கு?" என்றார்.

புதுப்பயல், 23 டிசம்பர் 2025

3ஐ அட்லஸ் வால்மீன் தெரியுமா? ஏலியன் கப்பல் என்கிறார்களே?

மதுரைபைனாக்ஸ், 23 டிசம்பர் 2025

வெறுங்கண்ணுக்குத் தெரியாது, என் பைனாகுலருக்கும் தெரியாது. 19-ஆம் தேதி நமக்கு மிக அருகில் வந்தபோதே சுமார் 27 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தது. கப்பல் இல்லை தம்பி, வால்மீன்தான்.

முற்றத்துக்கதிரை (யாழ்ப்பாணம்), 24 டிசம்பர் 2025

நல்ல இழை. நானும் ஒரு கதை சொல்லவேணும்.

1990 நடுப்பகுதியில் எங்களுக்குக் கரண்ட் நின்றது. பிறகு வருடக் கணக்காகக் குடாநாடு இருட்டுத்தான். மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெய் விட்டுத் திரி போட்டுத்தான் நாங்கள் படித்தது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. விடியப்புறம் அப்பு என்னை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வானத்தைக் காட்டுவார். கடலுக்குப் போய்ப் பழகிய மனிசன். மணிக்கூடு பாராமலே ஆறுமீன் (கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்) நிற்கிற இடத்தை வைத்து நேரம் சொல்லுவார். பால்வீதி வெண்ணீறு பூசினது மாதிரிக் கிடக்கும்.

அந்த வானத்தை இப்போது பலரும் ஆசையாகக் கேட்பார்கள். நான் ஒன்றைச் சொல்ல வேணும். எங்கள் தாய்மார் அப்போது வானத்தை அண்ணாந்து பார்த்தது நட்சத்திரத்துக்காக இல்லை, பிளேன் சத்தத்துக்காக. அப்பு ஒருவர்தான் நட்சத்திரம் பார்த்தார்.

இப்போது எங்கள் ஒழுங்கையிலும் லைற் போட்டாயிற்று. பால்வீதி தெரியாது. வெளிச்சம் இருக்கட்டும், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. விடியப்புறம் சாய்மனைக் கதிரையை முற்றத்தில் போட்டு, தெரிகிறதை மட்டும் பார்க்கிறேன்.

கோலப்பொடி, 24 டிசம்பர் 2025

அண்ணா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். எழுதியதற்கு நன்றி.

ஸ்ரீரங்கத்துக்காற்று, 26 டிசம்பர் 2025

எல்லோரும் விடிகாலை அமைதி அமைதி என்கிறீர்கள். எந்த ஊரில்? எங்கள் பக்கம் நாலரைக்கு மூன்று கோயில் ஸ்பீக்கர், மூன்றும் வேறு வேறு பாட்டு. மாடிக்குப் போனால் தெருநாய் நம்மைத் திருடன் என்று நினைத்துக் குரைக்கிறது. பக்கத்து வீட்டு மாமா டார்ச் அடித்து "யாரு?" என்கிறார். அமைதியாம்!

மூணுமணிகேப், 26 டிசம்பர் 2025

மூன்று ஸ்பீக்கருக்கும் முன்னால், நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள். மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டார்ச்தான் பெரிய எதிரி. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகிறது, ஒரு வெளிச்சம் பட்டால் போயிற்று. போனையும் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் டார்ச்சுக்கு மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

கோலப்பொடி, 28 டிசம்பர் 2025

இன்று அருந்ததி பார்த்தேன்.

என் கல்யாணம் ஆனி மாதம், பகல் பத்தரை முகூர்த்தம். சாஸ்திரிகள் "அதோ அருந்ததி, தெரியறதா?" என்று மண்டபத்துச் சீலிங் ஃபேன் பக்கம் கையைக் காட்டினார். தெரிகிறது என்று தலையை ஆட்டினேன். எல்லோரும் அப்படித்தான் ஆட்டியிருப்போம்.

இன்று நாலே முக்காலுக்கு வடகிழக்கே ஏழு நட்சத்திரம் அகப்பை மாதிரி நின்றது. கைப்பிடி கீழே தொங்கியது. கைப்பிடியின் நடு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தால் அதோடு ஒட்டிக்கொண்டு பொடியாக இன்னொன்று. முதலில் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்ட பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் சிரிப்புத்தான் வந்தது. கீழே போய் அவரை எழுப்பலாமா என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கணக்குவாத்தியார், 28 டிசம்பர் 2025

ஆனி மாதமா? அப்படியானால் உங்கள் கல்யாணத்தன்று ராத்திரி எட்டு மணிக்கே வடக்கு வானத்தில் நன்றாக உயரத்தில் இருந்திருக்கும். மேகம் மட்டும் இல்லாமல் இருக்க வேண்டும். யாரும் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான்.

பெரியது வசிட்டர், பொடியது அருந்ததி. ஜனவரி 3 ஆருத்ரா தரிசனத்தை விட்டுவிடாதீர்கள். அபிஷேக நேரத்தில், மூன்றரை மணிவாக்கில், மேற்கே பாருங்கள். முழு நிலா, ஒரு பக்கம் திருவாதிரை நட்சத்திரம், இன்னொரு பக்கம் வியாழன். திருவாதிரை கொஞ்சம் சிவந்திருக்கும். நிலா வெளிச்சத்தில் மற்றதெல்லாம் மங்கிவிடும், இந்த மூன்றும் மங்காது. சென்னைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முற்றத்துக்கதிரை, 11 ஜனவரி 2026

பொங்கலுக்கு விடியப்புறம் எல்லோரும் எப்படியும் எழும்புவீர்கள்தானே. ஐந்து மணிக்குத் தெற்கே பாருங்கள். தென்சிலுவை அந்த நேரம் நிமிர்ந்து நிற்கும். உங்களிடம் திரிசங்கு என்றும் சொல்லுவார்கள். அடிவானத்திலிருந்து ஒன்றரை முஷ்டியில் தொடங்கி இரண்டு முஷ்டிக்குள் முடிந்துவிடும். தெற்குப் பக்கம் கட்டடம் மறைத்தால் கஷ்டம். இடது பக்கம் பிரகாசமாக இரண்டு இருக்கும். அதில் கீழே கிடப்பதுதான் சூரியனுக்கு அடுத்தபடி நமக்குக் கிட்டக் கிடக்கிற நட்சத்திரக் குடும்பம். வெளிச்சம் வந்துசேர நாலு வருடத்துக்கு மேல். ஐந்தேகாலுக்குப் பிறகு கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடும். பிந்தவேண்டாம்.

கோலப்பொடி, 15 ஜனவரி 2026

பார்த்துவிட்டேன்! பக்கத்து வீட்டுத் தென்னைக்கும் செல்போன் டவருக்கும் நடுவில் நாலு நட்சத்திரம், சின்னப் பட்டம் மாதிரி. ஐந்து மணி பத்து நிமிடம்.

மாமியாரும் வந்தார். எழுபத்தெட்டு வயது, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார். என் ரகசியம் அவருக்கு மார்கழி முதல் நாளே தெரியுமாம். மாடிக்கதவுத் தாழ்ப்பாள் சத்தம் போடுகிறது, எண்ணெய் விடு என்றார். தென்சிலுவையைக் காட்டினேன். கண்புரை ஆபரேஷன் செய்த வலது கண்ணால் பார்த்து, "மூணுதான் தெரியறது" என்றார். அப்புறம் அவரே மேற்கே திரும்பி, வியாழன் இறங்கியிருந்த இடத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பானை வைக்க நேரமாகிவிட்டது என்று இறங்கிவிட்டோம்.

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

வேளச்சேரிவாசி, 16 ஜனவரி 2026

செக்ரட்டரியிடம் சாவி கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்கு? நானும் வரலாமா?" என்றார். நாளைக்கு நாலரை. தென்சிலுவை சென்னையில் இன்னும் தாழ்வாக இருக்கும் இல்லையா வாத்தியார் ஐயா? தெற்கே எங்களுக்கு எதிரில் ஒன்பது மாடி.